சனிக்கிழமைக் குளியலில் கழுவிப் போகும் நாய் மருந்து

அனுப்புநர்:
தையற்காரர் மனைவி,
மூன்றாம் மாடி, குழாயடிக்கு நேர் மேல் வீடு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நாய்க்கு மருந்து விட்ட மறுநாளே குளிப்பாட்டச் சொல்லும் எங்கள் குடியிருப்போர் சங்க விதியையும், நாயை வெளியேற்றும் அறிவிப்பையும் நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவர் கட்டிலிலேயே கிடக்கும் எங்கள் நாய்க்குப் பித்தான் என்று பெயர். அவர் வைத்தது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்ததுமே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. பித்தான் மட்டும் எங்கும் போக அவசரப்படுவதில்லை.

2. பித்தானின் வாலடியில் காய்ந்த அரிசிபோல் ஒட்டியிருந்தது. சோறு என்று நினைத்துத் துடைத்தேன். கால்நடை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது நாடாப்புழு பாட்டி. உடம்புல ஊர்ற தெள்ளுப்பூச்சியக் கடிச்சு முழுங்குதுல்ல, அதுலதான் உள்ள போகுது. மாத்திரை குடுத்தாப் புழு சாகும். பூச்சி இருந்தா திரும்ப வரும்" என்றார்.

3. பூச்சிக்குப் பிடரியில் மயிரை விலக்கி, தோலில் சொட்டு மருந்து விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. கால்நடை மருத்துவமனையில் மருந்து விடுவது வெள்ளிக்கிழமை. எங்கள் சங்க விதிப்படி எல்லா நாய்களும் சனிக்கிழமை காலை குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்தால்தான் மாடி ஏறலாம். செயலாளர் ரப்பர் குழாயும் கையுமாக நிற்பார். எடுத்துச் சொன்னேன். "உங்க நாய்க்குன்னு தனிச் சட்டமா பாட்டி? அழுக்கு போனா பூச்சியும் போயிடும்" என்றார். மூன்று மாதமாக மருந்து சாக்கடைக்குப் போகிறது.

4. என் மகள் கல்யாணத்தன்று தண்ணீர் மோட்டாரை நிறுத்தியவரும் இவர்தான். அதை மனுவில் எழுதக் கூடாது என்று பேத்தி சொன்னதால் விரிவாக எழுதவில்லை.

5. எதிர்வீட்டுக் குழந்தையின் கால் முழுக்கப் பூச்சி கடித்த தடிப்பு. அந்தத் தாயின் கோபம் நியாயம். ஆனால் பித்தானை ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்றச் சொல்லிச் சங்கத்தார் எங்கள் கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அது போனாலும் பூச்சி போகாது. கீழே இறங்கினால் பித்தான் படுக்கும் மாடிப்படிக்கீழ்ச் சாக்கில்தான் மற்ற நாய்களும் படுக்கின்றன.

6. ஆகவே ஐயா, எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து விடவும், அந்தச் சாக்கை அப்புறப்படுத்திப் படிக்கீழ் இண்டு இடுக்கெல்லாம் பெருக்கிக் கழுவவும், மருந்து விட்ட வாரம் குளியலை நிறுத்தவும், வெளியேற்றும் அறிவிப்பை ரத்து செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். பித்தானுக்கு இன்றும் மருந்து விட்டாயிற்று. விடிந்தால் குழாயடி. அதற்குள் தங்கள் ஆள் ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

என் வீட்டுக்காரரும் ரேகை வைத்திருக்கிறார். நாயின் மேலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்றதால், அதன் விலாவிலேயே தாளை வைத்தோம். பித்தான் மூச்சு விட்டதில் ரேகை சற்று அசைந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நாள்: வெள்ளிக்கிழமை, மாலை
இடம்: அவர் கட்டிலருகே

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்) தையற்காரர் மனைவி
(இடது பெருவிரல் ரேகை) தையற்காரர்