பெரிய ஹீட்டர், சின்னக் குளியலறை

என்னங்க,

நீங்கள் ஆபீஸ் கிளம்பிய கையோடு வாசலில் தடாலென்று ஒரு சத்தம். என் சம்பளத்தில் நான் வாங்கிய இருநூறு லிட்டர் ஹீட்டரை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாயங்காலம் உங்கள் அக்கா வருகிறார். நம் புதுக் குளியல் தொட்டியில் ஆசை தீர ஊற வேண்டுமாம், போனில் சொன்னார். தாராளமாக ஊறட்டும். துண்டும் வாசனை சோப்பும் எடுத்துவைத்திருக்கிறேன்.

தொட்டி இருக்கும் பளிங்குக் குளியலறையில் நீங்கள் இருவரும் தேர்ந்தெடுத்த பதினைந்து லிட்டர் ஹீட்டர்தான் இருக்கிறது. கணுக்கால் நனையும் வரை வெந்நீர் வரும், பிறகு பச்சைத் தண்ணீர்தான். கடையில் நான் பெரியது கேட்டபோது அக்கா என்ன சொன்னார்? "இதுவே போதும்டா தம்பி. உன் பொண்டாட்டி என்ன, தினமும் மிதக்கவா போறா?" கடைக்காரர் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். கடைக்காரரை மன்னித்துவிட்டேன்.

என் ஹீட்டரைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளியலறையில் மாட்டியாயிற்று. அந்த அறையைப் பூட்டிவிட்டேன்; சாவி என் கைப்பையில் இருக்கிறது, வீட்டில் தேட வேண்டாம். நான் வர இரவாகும்.

பி.கு: அக்கா குளித்த பிறகு நீங்களும் அதே தொட்டியில் குளியுங்கள்.

இன்னொன்று. பிளம்பர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, தொட்டி அங்க இருக்கு, இவ்ளோ பெரிய ஹீட்டரைக் கொண்டுவந்து இங்க மாட்டச் சொல்றீங்களே?"

நான் சொன்னேன்: "அவரோட அக்கா ஊருக்குப் போற வரைக்கும் இங்க இருக்கட்டும்ண்ணே. அப்புறமா வந்து அங்க மாத்திக் குடுங்க."