மடித்து வைத்த கடல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இறையருளால் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறையேதுமின்றி இருக்கவேண்டும் என்பதே காலையிலும் மாலையிலும் என் வேண்டுதல். இங்கே உன் அம்மா நலம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, படியேறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. உடலளவில் நானும் நலமே. மற்றபடி நான் நலமா என்பதை இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே சொல்.

பேத்திக்கு முன்பற்கள் விழுந்த படம் கிடைத்தது. உன் அம்மா அதைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, தேநீர் கலக்கும்போதெல்லாம் அந்தப் பொக்கை வாயைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை தோள்வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யட்டும், வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது நம் வீட்டு ஆண்களின் வழக்கம், அது அவருக்கும் தொற்றிவிட வேண்டாம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய்க்காரர் மூன்று முறை “நாளைக்கு வந்துடறேன் ஐயா” என்றார், எந்த நாளை என்று நான்தான் கேட்கத் தவறிவிட்டேன். இவற்றையெல்லாம் இப்படி இழுத்து இழுத்து எழுதுவது ஏன் என்று உனக்கு இதற்குள் தோன்றியிருக்கும். சொல்ல வந்ததைச் சொல்லக் கூசி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். இதோ உள்ளே வந்துவிடுகிறேன். சென்ற கடிதத்தில் நானும் உன் அம்மாவும் காரில் கடற்கரைக்குப் போய்வந்ததாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன் அல்லவா? நாங்கள் போகவில்லை. அந்த இரண்டு பக்கமும் பொய்.

எங்கள் பயணமுறை நீ அறிந்ததுதான், ஆனாலும் குற்றத்தைச் சொல்லும் முன் முறையைச் சொல்வதே ஒழுங்கு. நீ வெளிநாடு புறப்படும் முன் அந்தக் காரை வாங்கி நிறுத்தி, “அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா, இத்தன வருஷம் சுவத்தப் பாத்தது போதும்” என்றாய். முப்பது ஆண்டுகள் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில், சன்னலே இல்லாத அந்தக் கீழ்த்தளத்தில், ஆவி பறக்கும் இஸ்திரி எந்திரத்தின் முன் நின்று பிறர் படுக்கும் விரிப்புகளைத் தேய்த்தவள் அவள். அதனால் சமையலறைச் சுவரில் பெரிய சாலை வரைபடம் ஒன்றைக் குத்தி வைத்து, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணை மூடி விரல் வைக்கவேண்டும், விரல் விழுந்த இடத்துக்கு வண்டி போகவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். காட்டில் விழுந்தால் அருகிலுள்ள சாலை வரைக்கும், ஆற்றில் விழுந்தால் பாலம் வரைக்கும். ஒரு முறை கல்குவாரியில் விழுந்தது, அங்கேயும் போய் லாரிகளை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம். வரைபடத்தின் வலது ஓரத்தில் நீலமாகக் கடல் கிடந்தது. உன் அம்மா கடலைக் கண்டதில்லை. நானும் நூல்களில்தான் கண்டிருக்கிறேன். “ஒரு நாள் அதுவா விழும் பாருங்க, வேணும்னு வெச்சா அது ஆட்டம் இல்ல” என்பாள். அவள் ஒரு முறைகூட இமையைத் திறந்து பார்த்து விரலை வைத்ததில்லை.

பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியபோது முதலில் நானும் எல்லோரையும்போல முணுமுணுத்தேன். பிறகு முணுமுணுப்பதற்கும் நேரமில்லாமல் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டிக்கு உறை போட்டுக் கயிறு கட்டிவிட்டார், ஞாயிறு தோறும் அதன்மேல் படிந்த தூசியைத் தட்டுவதே இப்போது அவருடைய உல்லாசப் பயணம். மலைத் திருப்பத்தில் பழச்சாறு விற்கும் அம்மாள், “ஞாயித்துக்கெழமைன்னா வண்டி வரிசையா நிக்கும், இப்போ நான் ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன், அதுக்கு மட்டும் பெட்ரோல் வேணாம்” என்றாள். பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கும் இளைஞனோ என்னைக் கண்டதுமே, “என்ன ஐயா, இந்த மாசமும் டாங்க்ல தெளிச்சு விடறதா, இல்ல ஊத்தறதா?” என்று கேட்பான். நின்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வாரந்தோறும் மறை வகுப்பில் நாற்பது பேர் முன் அமர்ந்து உண்மையைப் பற்றியும் எளிமையைப் பற்றியும் பொருள் விரித்துப் பேசுகிற ஒருவன், இனி மாதந்தோறும் நெடுந்தூரம் போக நமக்குக் கட்டுப்படியாகாது என்று மனைவியிடம் ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. காரணம் வறுமை அன்று, செருக்கு. எரிபொருள் செலவையும் நான் அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது, “உங்கப்பன் இன்னும் செத்துப் போயிடல” என்று உன் வாயை அடைத்தவன் நான். அப்படிச் சொன்னபின் எப்படிச் சொல்வேன்?

ஆகவே ஒரு நாள் உன் அம்மா முழங்காலுக்குச் சிகிச்சை எடுக்கப் போயிருந்தபோது வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்து, நான்கு பக்கமும் ஒரு சாண் பின்னால் மடித்து, மீண்டும் குத்தி வைத்தேன். மலையின் மறுபுறமும் அணைக்கட்டும் கடலும் தாளின் முதுகுக்குப் போய்விட்டன. சமையலறைப் புகையில் சுவர் மங்கியிருந்ததால், வரைபடம் சுருங்கிய இடத்தில் வெளுத்த கரை ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் நாட்காட்டியை மாட்டினேன், மறுபக்கம் ஆணி அடித்துக் கைத்துண்டைத் தொங்கவிட்டேன், மேலும் கீழும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த மாதம் அவள் கண்ணை மூடினாள், விரல் நீட்டினாள், ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் விழுந்தது. அடுத்த மாதம் விமான நிலையத்தின் மதிலோரம். அதற்கடுத்தது பழைய செங்கல் சூளை. ஐந்து மாதம் இப்படி. போகிற அந்தக் குறுகிய தூரத்திலும் குளிர்சாதனத்தை அணைத்துவிடுவேன். சன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுத்து எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும் என்று எங்கோ படித்திருந்ததால் அதையும் திறக்கவிடமாட்டேன். வியர்த்துக் கொட்ட அவள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே வருவாள். சன்னல் இல்லாத அறையிலிருந்து அவளை வெளியே கொண்டுவரத்தான் நீ அந்த வண்டியை வாங்கித் தந்தாய், நான் அதே அறையைச் சக்கரம் வைத்து ஓட்டினேன்.

இதற்கிடையில்தான் நீ எழுதினாய், “இன்னும் கடல் விழவில்லையா, அம்மாவுக்குக் கடல் எப்போது?” என்று. செங்கல் சூளையைப் பற்றி உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. எழுதுகோலை எடுத்தேன், விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினேன், அதன்பின் என் படிப்பு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆழி என்றும் பரவை என்றும் முந்நீர் என்றும் பௌவம் என்றும் முன்னோர் கடலுக்கு இட்ட பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தேன். அலை கரையைத் தொழுவதாகவும் உன் அம்மா நீர் விளிம்பில் நின்று கண்கலங்கியதாகவும் எழுதினேன். மகளே, எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது, அதுதான் இப்போது நினைக்க மிகவும் கூசுகிறது.

சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் அடுத்த அறையில் வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் அவள் பேசுவாள், நீ கேட்டது என் காதில் விழுந்தது. “கடல் எப்படிம்மா இருந்துச்சு? அப்பா எழுதினதப் படிச்சு ஆபீஸ்ல உக்காந்து அழுதேன்.” என் பேனா நின்றது. பிறகு உன் அம்மா சொன்னாள், “நல்லா இருந்துச்சு தங்கம். தண்ணியா இருந்துச்சு. நெறைய தண்ணி.” நீ சிரித்தாய், “என்னம்மா, அப்பா ரெண்டு பக்கம் எழுதறாரு, நீ இப்படிச் சொல்ற” என்றாய். “அவரு படிச்சவரு, அவருக்குச் சொல்ல வருது” என்றாள். வாழ்நாளில் பொய்யே பேசாத அந்த வாய் எனக்காகப் பேசியது. அதுவும் அவளுக்குத் தெரிந்த மிகச் சிறிய பொய்யாகத் தேடிப் பிடித்துப் பேசியது.

நீ தொலைபேசியை வைத்தபின் அவள் என் அறைக்கு வரவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகும் வாசனை வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் துணி தேய்ப்பாள் என்பது உனக்குத் தெரியும். யாரும் படுக்காத உன் பழைய கட்டிலின் தலையணை உறைகளைக்கூட எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் வாசற்படியில் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே, “என்கிட்ட மறைச்சீங்க, அது நமக்குள்ள. கொழந்தகிட்ட எதுக்குங்க?” என்றாள். வரைபடத்தை மடித்ததை அவள் முதல் மாதமே கண்டிருக்கிறாள். சுவரை அன்றாடம் துடைப்பவளுக்கு வெளுத்த கரை தெரியாமலா போகும்? விரலுக்கும் இரட்டைத் தாளின் தடிப்பு தெரிந்திருக்கிறது. பின் ஏன் ஐந்து மாதம் கண்ணை மூடிக்கொண்டு என் முன் நின்றாய் என்று கேட்டேன். “நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றாள். நாற்பது ஆண்டுகளாக நான் ஓதிய எந்த வாசகமும் என்னை இப்படி நிற்கவைத்துக் கேட்டதில்லை.

அதன்பின் அவள் செய்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் விரித்து, ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மடிப்புகளைத் தேய்த்தாள். மருத்துவமனை விரிப்பைத் தேய்ப்பதுபோல் ஓரத்திலிருந்து நடுவுக்கு, அவசரமில்லாமல். துணியை எடுத்துப் பார்த்தால் தாள் படிந்திருந்தது, கோடு போகவில்லை. கடலுக்குச் சற்று முன்னால் மேலிருந்து கீழாக வெள்ளையாக ஒரு கோடு. “தாள ஒரு தடவ மடிச்சா மடிச்சதுதான், துணி மாதிரி இல்ல. பரவால்ல, தாண்டிப் போலாம்” என்றாள். பழைய இடத்திலேயே குத்திவிட்டு, “இந்தத் தடவ நீங்க கண்ண மூடுங்க” என்றாள். மூடினேன். விரலை நீட்டியதும் என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது, இஸ்திரியின் சூடு ஆறாத கை. அது என்னை வலது பக்கமாக வெகுதூரம் நடத்திச் சென்றது. மடிப்பின் மேடு விரலில் தட்டியது, அதையும் கடந்தது. வேண்டுமென்றே வைத்தால் அது ஆட்டமில்லை என்று சொன்னவள் அவளேதான். நான் கண்ணைத் திறக்கவில்லை.

வருகிற ஞாயிறு போகிறோம், காரில் அல்ல, பேருந்தில். முதலில் எனக்குச் சுருக்கென்றது. மகள் வாங்கித் தந்த வண்டி வாசலில் நிற்க, வகுப்பெடுக்கிற பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பதை ஊர் பார்க்குமே என்று. அதைச் சொல்லவும் செய்தேன், திருந்துவதற்கும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. உன் அம்மா, “பஸ்ல போனா நீங்களும் ஜன்னல் வழியா ஏதாச்சும் பாக்கலாம், கார் ஓட்டறப்ப பெட்ரோல் முள்ளைத்தானே பாத்துட்டு வர்றீங்க” என்றாள். உண்மை. ஐந்து மாதத்தில் அந்த முள்ளைத் தவிர வழியில் நான் கண்டது எதுவுமில்லை. இனி ஆண்டுக்கு இரண்டு முறை வண்டியை எடுப்பது, போகிற அன்று சன்னல்களைத் திறந்து வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். நீ வாங்கிக் கொடுத்தது வீணாகிறதே என்று வருந்தாதே.

இவ்வாரம் வகுப்பில் உண்மை பேசுதல் பற்றிய பகுதி வந்தது. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதுவும் பொய்யாயிற்றே என்று நேரில் போய், இப்பகுதியை விளக்கும் தகுதி இப்போது எனக்கில்லை, வேறொருவர் வாசியுங்கள் என்று சொல்லிக் கடைசி வரிசையில் அமர்ந்தேன். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியும் இல்லைதான், இருந்தாலும் அப்பனாயிற்றே, ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரிலும் எரிபொருள் விலை ஏறிவிட்டது, வாரக்கடைசியில் பேத்தியை ஏரிக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தாய். ஏரி மூடியிருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. இந்த மாதம் முடியாது என்று சொல், குழந்தைக்கு அது புரியும். நீ சிறுமியாயிருந்தபோது உனக்கும் புரிந்தது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க நா எழவில்லை, எழுத்தில் கேட்கிறேன். உங்கள் இல்லத்தில் ஒளியும் உள்ளத்தில் அமைதியும் குறையாதிருக்க இறைவன் அருள்புரிவானாக. பேத்திக்குப் புதுப் பற்கள் நேராக முளைக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. ஞாயிறு கழித்து அழைக்கும்போது கடல் எப்படி இருந்தது என்று உன் அம்மாவிடம் மறுபடியும், முதல் முறை கேட்பதுபோலவே கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
இன்னும் கடலைக் காணாத
உன் அப்பா