கையசைத்தவர்கள்

கீல், 14.09.2003

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று காலை முதல் வேலையாக ஹெர் ஓஸ்டர்மானுக்குச் சவரம் செய்தேன். நான் முதியவர்களைப் பராமரிக்கப் போகும் வீடுகளில் எனக்குத் தேத்தண்ணி தருகிறவர் என்று எழுதியிருந்தேனே, அவர்தான். வயது எண்பத்தாறு. சவரம் செய்யாமல் ஜன்னல் பக்கம் போகமாட்டார். போகிற கப்பல்கள் தன்னைப் பார்க்குமாம். இந்தப் பக்கத்தில் அபூர்வமாக, எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர்.

சவரத்தின்போது தன் வாழ்க்கையைச் சொல்லுவார். பதினெட்டு வயதில் கடற்படை. ஹிட்லர் காலத்து யுத்தத்தில், இருபத்தாறு வயதிலேயே ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தளபதி. பிறகு கைதிமுகாம். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கீல் கால்வாயில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலை. அவருடைய பதக்கத்தை மகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இன்று புதிதாக ஒன்று சொன்னார். ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்துவிட்டு மேலே வந்து பார்த்தாராம். சின்னப் படகு நிறைய ஆட்கள். அவர்களை ஏற்றக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. கரை இருக்கும் திசையைச் சொல்லி, கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்களில் ஒருவர்கூடக் கரை சேரவில்லை என்று யுத்தத்துக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

"கொறற்றி, உங்களுடையது கடற்தொழில் செய்கிற குடும்பம். என்னை மன்னிக்க உங்களால் முடியுமா?" என்று கேட்டார். முகமெல்லாம் நுரை. சவரக்கத்தி என் கையில். தலையை ஆட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மன்னிக்க நான் யார், அண்ணை? தண்ணீரில் கிடந்தது நீங்களும் தம்பி சஞ்சயனும். அவன் போய்ப் பதின்மூன்று வருடமாகிறது. நாங்கள் அதைப் பற்றி எழுதிக்கொண்டதே இல்லை. கோபிக்காமல் பதில் போடுங்கோ. கால் மருந்து கிடைத்ததா?

அன்புத் தங்கை,
கொறற்றி

பேசாலை, 06.10.2003

அன்புள்ள தங்கச்சிக்கு,

மருந்து கிடைச்சது. கால் பரவாயில்லை. வலை இழுத்துக் கை விறைச்சுப் போச்சு, நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுறா.

கிழவனுக்குச் சவரம் செய்யிறது உன்ர தொழில், செய். கழுத்தை மட்டும் வெட்டிப்போடாதை. மன்னிப்பைப் பற்றி என்னட்டைக் கேக்காதை.

உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. வள்ளம் கவிண்டு நானும் தம்பியும் மிதந்த வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம். மத்தியானம் போலை ஒரு பெரிய கப்பல் கிட்ட வந்தது. மேல்தட்டில வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருத்தன் எங்களைக் கண்டான். கண்டுபோட்டுக் கையைக் காட்டினான். "அண்ணை, வாறாங்கள்!" எண்டு தம்பி சிரிச்சான். அந்தச் சந்தோசத்தில கானை விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கினான். பேந்து அவனைக் காணேல்லை. கப்பலும் நிக்கேல்லை.

அண்ணியும் இதை இப்பத்தான் கேக்கிறா. எழுதிறதை விட்டுட்டு என்ர முகத்தைப் பாத்தவ, இப்பத்தான் திரும்ப எழுதுறா.

தண்ணியில கிடக்கிறவனை ஆரெண்டு பாத்தே தூக்கிறது? வலைப் பங்குக்கு என்னோடை சண்டை பிடிச்ச இராயப்புவையும் தூக்கினனான். கரைக்கு வந்தும் சண்டை பிடிச்சவன்.

வெள்ளைச் சேட்டுக்காரனை இனி நான் எங்க காணப்போறன்? உன்ர கிழவனிட்டைக் கேள். தூக்கேலாது எண்டால் பேசாமல் போயிருக்கலாமே. ஏன் கையைக் காட்டினவர்?

அண்ணன்,
கிறிஸ்தோப்பர்

கீல், 16.11.2003

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

கேட்டேன். நீங்கள் எழுதியது முழுவதையும் ஜேர்மன் மொழியில் சொன்னேன். சவரம் முடிந்து துவாயால் முகத்தைத் துடைத்தபின், "என்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போகக்கூடாது. அதுதான் கையசைத்தேன். எனக்காகத்தான்" என்றார். பிறகு, "உங்கள் தம்பி இரண்டு கையையுமா தூக்கினான்?" என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டார்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டார். தன்னுடைய அடக்கப் பூசையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பில் அந்தப் படகும் இருக்க வேண்டும் என்று என் முன்னாலேயே சொன்னார். மகள் தலையாட்டினார்.

அவர் இறந்து பத்து நாளாகிறது. கடைசிச் சவரமும் நான்தான்.

நேற்று மகள் வாழ்க்கைக் குறிப்பைக் காட்டினார். கடற்படை, பதக்கம், கால்வாய், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. படகு இல்லை. ஏன் என்று கேட்டேன். "கடைசியில் அப்பாவுக்கு நினைவு குழம்பிவிட்டது, கொறற்றி. உங்களுக்குத் தெரியாததா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுசி இல்லை, அண்ணை. என் மகள் லிசாவுக்குத் தன் அலுவலகத்தில் தொழிற்பயிற்சிக்கு இடம் எடுத்துத் தந்தவர். பூசையில் நான் தமிழில் ஒரு மன்றாட்டுச் செபம் வாசிக்க வேண்டுமாம். விளங்காவிட்டாலும் கேட்க அழகாக இருக்குமாம்.

அவருடைய பதில் உங்களுக்கு ஆறுதலா, இன்னும் கோபமா என்று தெரியவில்லை. அவரை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவர் சொல்லச் சொன்னதை மகள் மறைப்பதைப் பார்க்கும்போது, அந்தப் படகை இன்னொரு தடவை விட்டுவிட்டுப் போவதுபோல இருக்கிறது.

பூசை நாளைக்கு. மன்றாட்டை எழுதிவிட்டேன். அவர் விட்டுவிட்டு வந்த படகில் இருந்தவர்களுக்காக, எங்கள் சஞ்சயனுக்காக, கடைசியில் கையசைத்துவிட்டுப் போனவருக்காக. தமிழில் வாசித்தால் ஒருவருக்கும் நோகாது. லிசாவின் இடத்துக்கும் பிரச்சினை வராது.

பூசை வைக்கும் பாதருக்கும் சொல்லவில்லை, லிசாவுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நான் அந்த மன்றாட்டை ஜேர்மன் மொழியில் வாசிக்கப் போகிறேன்.

உங்கள்,
கொறற்றி