கை நின்ற இடம்

கிரானடா, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அரக்கைக் கையால் தேய்ப்பானேன், மெஷினில் பீய்ச்சினால் போதாதா என்று அப்பாவோடு சண்டைபோட்டு நீ பாதியில் விட்டுப்போன கிதாருக்கு, அவர் இன்று பட்டறையில் துணிப்பந்தால் அரக்கு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் மாட்ரிட்லேருந்து போன் பண்ணுச்சுப்பா. திரும்பி வரலாமான்னு கேட்டுச்சு" என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. துணிப்பந்து ஈர அரக்கில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால் வட்டமாக ஒரு தழும்பு! தேய்க்கும்போது கை நிற்கவே கூடாதென்று நம்மை எத்தனை முறை திட்டியிருப்பார்!

"அட, உங்க கைகூட நிக்குமா?" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் அண்ணனால விழுந்த தழும்பு. அவனே வந்து கையால தேய்ச்சு எடுக்கட்டும்!"

பிறகு கிதாரை உன் மேசையில் வைத்துவிட்டு, பட்டறை விளக்குகளை அணைத்தார்.

உன் தங்கை