விண்ணப்பத்தில் செத்த அப்பன்

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். நேற்று கறுப்பு மூஞ்சி ஆட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தேன். அது என்னை உதைத்தது தனிக்கதை. அப்போதுதான் உன் பள்ளிக்கூட வாத்தியார் மக்காஸ்கில் போனில் கூப்பிட்டார்.

"யாருங்க பேசறது?"

"அவ அப்பன்தான்."

"படகு கவுந்து அப்பா செத்துட்டதா எடின்பரோ பல்கலைக்கழக விண்ணப்பத்துல எழுதியிருக்காளே?"

"எனக்கு யாரும் சொல்லலையே, சார்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் இரக்கப்பட்டு உனக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கொடுக்க நான் சாக வேண்டுமா? போன வசந்தத்தில், தாய் வயிற்றில் குறுக்கே கிடந்த குட்டியைக் கையை விட்டுத் திருப்பி உயிரோடு எடுத்தவள் நீ. அதை ஏன் எழுதவில்லை?

அடுத்த வெள்ளிதான் கடைசி நாளாம். அதற்குள் திருத்தி எழுது. இல்லையென்றால் இந்தத் தீவிலிருந்து கப்பலேறிப் போய், செத்த அப்பன் நான்தான் என்று அந்தப் பல்கலைக்கழக வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

கோபம் தீராத,
உன் அப்பன்