மருமகளின் கையை நான் விட்டது

கலிச்னிக்,
பேதுரு திருநாள் கழிந்த வாரம்.

டெட்ராய்டில் சுகமாக வாழும் சேராஃபிமுக்கு வெலிகா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஆடுகள் மலைமேல் ஏறிவிட்டன. நம் மகன் ஆர்கிரின் கல்யாணமும் முடிந்தது. நீங்கள் வருவீர்கள் என்று யாரும் வழி பார்க்கவில்லை.

மருமகள் நெவேனா நல்ல பெண். மணப்பெண்ணின் கையைப் பிடித்து ஆட்டத்துக்கு இட்டுச்செல்வது மாமியாரின் உரிமை. அப்படிச் செய்தால்தான் வந்தவள் நம் வீட்டுப் பெண் ஆவாள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மேளம் கொட்டியதும் அவள் கையைப் பிடித்தேன். உங்கள் தங்கை ருமேனா குறுக்கே வந்து நின்றாள்.

"கையை விடுங்க அண்ணி. அண்ணன் இருக்காரா, போயிட்டாரான்னே தெரியல. புருஷன் இல்லாதவ இட்டுக்கிட்டுப் போனா, வந்த பொண்ணுக்கு ஆகுமா?"

"ஒரு கடுதாசியாவது வந்துச்சா?" என்று சம்பந்தியம்மா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். "அத்தையே வரட்டுமே" என்றாள் நெவேனா, என் கையை விடாமல், தலை நிமிராமல். மணப்பெண்ணுக்கு என்ன பேச்சு என்று அவளையும் அடக்கினார்கள்.

கூட்டத்தில் தாம்யான் நின்றான். வசந்தத்தில் டெட்ராய்டிலிருந்து திரும்பியவன். உங்களையும் உங்கள் புது மனைவியையும் பார்த்ததாக என்னிடம் மட்டும் சொன்னவன். "சொல்லிரட்டுமா அக்கா?" என்று காதோரம் கேட்டான். சொன்னால் எனக்குப் புருஷன் உண்டு. ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் என் மகன் ஓடுகாலியின் பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருமகளின் கையை ருமேனாவிடம் கொடுத்தேன்.

நெவேனா கைக்குட்டையை ஏந்தி, கண்ணைத் தரையில் வைத்து, மெல்ல அடியெடுத்து ஆடினாள். ஊரே மெச்சியது. நான் ஊற்றடியில் நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்பு உடுத்தினேன். கோயிலில் இறந்தவர்களோடு உங்கள் பெயரையும் வாசித்தார்கள். நீங்கள் இறந்துவிட்டதாகப் பாதிரியாரிடம் பொய் சொன்ன பாவம் என் தலையில் இருக்கட்டும். ஆர்கிர்தான் மெழுகுவர்த்தி ஏற்றி, உங்கள் நினைவாக அவித்த கோதுமையை ஊருக்குக் கொடுத்தான். உங்களுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அறுவடை முடிந்ததும் அவனும் உங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறான். புதுப் பெண்டாட்டியை விட்டுப் போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. உங்கள் ரத்தம்தானே.

கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். வீதியில் அவன் எதிரே வந்தால் மட்டும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதவை
வெலிகா