அப்பாவின் ஆறு மணி நேரம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அப்பா. எனக்குப் பெருமையாக இருக்கிறது என்பதற்காக எதையும் கூட்ட மாட்டேன். உங்களுக்கு வலிக்குமே என்று எதையும் குறைக்கவும் மாட்டேன்.

இன்று ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்வந்து வீட்டைப் பெருக்கும்போது, பீரோவுக்குப் பின்னால் உங்கள் மஞ்சள் துணிப்பை கிடைத்தது. உள்ளே கையை விட்டதும் பூண்டு வாசனை. தையல் ஓரத்தில் காய்ந்த தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும் அந்த வாசனை போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்தேனே! ஆண்களும் பெண்களும் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற ஒப்பீடு. வீட்டு வேலையும் வேலைதான் என்று தாளின் தலையிலேயே எழுதி, நம் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். சராசரி எடுத்துப் பட்டை வரைபடம் போட்டால் ஆண்களின் பட்டை உயரமாக வந்தது. என்னால் நம்ப முடியவில்லை. விடியற்காலையில் நம் வீட்டில் முதலில் யார் நடமாடும் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

தாள்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போகும் ஆண்கள் எல்லோரும் ரயில் நேரத்தையும் வேலையில் சேர்த்திருந்தார்கள். பெண்கள் ஒருவரும் சேர்க்கவில்லை. நீங்களும் அம்மாவும் ஒரே ரயிலில்தான் போய்வந்தீர்கள். அம்மா மகளிர் பெட்டியில், நீங்கள் பொதுப் பெட்டியில். உங்கள் தாளில் ரயிலுக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம். அம்மாவின் தாளில் ஒன்றுமில்லை.

"ஏம்மா சேக்கல?" என்றேன்.

"ட்ரெயின்ல உக்காந்துதானே வரேன்? எனக்கு அதுதான் ரெஸ்ட்டு" என்றபடியே, எழும்பூரில் தொடங்கிக் குரோம்பேட்டைக்குள் ஆய்ந்து முடித்த கீரையைப் பையிலிருந்து எடுத்தார் அம்மா.

இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று முடிவு செய்தேன். பயணம் சேராது, பயணத்தில் கை வேலை செய்தால் சேரும். மறுபடி எல்லா வீட்டுக்கும் போனேன். பெண்களின் பட்டை மேலே ஏறியது. ஆனால் உங்கள் பன்னிரண்டையும் அடித்தாக வேண்டும்.

நீங்கள் சாப்பிடும்போது சொன்னேன். உங்கள் முகம் சுருங்கியது. "ஆறு நாளும் அந்தக் கூட்டத்துல இடிபட்டு வரேனே, அது சும்மாவா?"

"அம்மாவும்தானேப்பா இடிபட்டு வராங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. "உங்களோடது மட்டும் அப்படியே இருக்கட்டும்ப்பா" என்றேன்.

அதைக் கேட்டதும்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பேனா கேட்டீர்கள்.

"எனக்காக ஒண்ண விட்டா, மீதிய எவன் நம்புவான்?"

பன்னிரண்டை அடித்தீர்கள். அலுவலகக் காகிதத்தில் எதைத் திருத்தினாலும் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போடுவீர்களே, அதையும் போட்டீர்கள்.

பள்ளிக் கண்காட்சியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. எரிமலை செய்தவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் உங்கள் தாளைப் பலகையின் நடுவில் ஒட்டியிருந்தேன். வந்தவர்கள் அந்த அடித்தலின் மேல்தான் விரல் வைத்தார்கள். "இது யாரு?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் "எங்கப்பா" என்றேன்.

டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் உங்களோடு மாலை ரயிலில் திரும்பினேன். மாம்பலம் தாண்டியதும் இந்த மஞ்சள் பையை மடியில் வைத்துப் பூண்டு உரிக்கத் தொடங்கினீர்கள்! எதிரில் இருந்த உங்கள் ரயில் நண்பர் என்னிடம் முறையிட்டார்.

"பாரு பாப்பா, ரெண்டு மாசமா பொட்டி முழுக்கப் பூண்டு நாத்தம். இன்னா சார், வூட்ல ஆர்டரா?"

"ஆர்டர்லாம் இல்ல சார். பொண்ணு ரூல் போட்டுட்டா. கை ஓடினாத்தான் வேலையாம்."

"அப்ப நானு?"

"நீங்க ரெஸ்ட்டு."

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இதையும் எழுதியாக வேண்டும்: இரண்டு மாதமாக நம் சமையலறையில் பூண்டு உரித்தே இருந்தது. அதை அம்மாதான் உரிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கேட்டீர்கள். "இப்ப சேத்துக்கலாமா?"

"பன்னெண்டாப்பா?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "இல்ல. காலைல போறப்ப தூங்கிடறேன். ஆறு போடு."

ஆறு போட்டேன். பக்கத்தில் மறுபடி அந்தச் சின்னக் கையெழுத்து.

அந்தத் தாள் என் நோட்டில்தான் இருக்கிறது. எந்த எண்ணையாவது கொஞ்சம் ஏற்றிப் போடலாமா என்று தோன்றும்போது அதை எடுத்துப் பார்ப்பேன். தோற்றதாக நினைக்காமல் தன் எண்ணைத் தானே அடித்தவர் என் அப்பா.

இன்று பூண்டை நான் உரித்துவிட்டேன். இந்த வாரம் அம்மாவின் நேரத்தையும் என் நேரத்தையும் மறுபடி எழுதி வருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்து அம்மா ஹாலில் படுத்துத் தூங்குகிறார். கையில் ஒன்றுமில்லை. அவர் பத்தியில் 'ஓய்வு' என்று எழுதினேன். அவர் பெயரில் முதல்முறையாக அந்தச் சொல் சரியாக இருக்கிறது. பக்கத்தில் என் சின்னக் கையெழுத்தைப் போட்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டேன்.